மும்முனைக் கணக்கு: எந்த முறையை எப்போது எடுப்பது?

மும்முனை மின்சாரத்தில் (ஃபேஸ் எனப்படும் மூன்று லைன்களில், 120 பாகை இடைவெளியில் மூன்று அலைகள் ஓடும் மின்சாரம்) ஒரு கணக்கு வந்து நின்றால், பேனாவைத் திறப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நேரத்தை வைத்துச் சமன்பாடு எழுதுவதா, ஃபேசரில் போடுவதா, ஒரே ஒரு ஃபேஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதா, பெர் யூனிட்டுக்கு மாற்றுவதா, சமச்சீர் கூறுகளாகப் பிரிப்பதா, இல்லை மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு (மூன்றுக்கும் பொதுவான திரும்பு ஒயர்) சேர்த்து முழுசாகவே எழுதுவதா? பாடப்புத்தகத்தில் இவை தனித்தனி அத்தியாயமாக வருகின்றன. அந்தந்த அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகளும் அந்த முறைக்கென்றே அமைந்தவை. அதனால் ஆறு முறையும் தெரிந்த ஒருவர்கூட, எந்த அத்தியாயம் என்று எழுதாத ஒரு கணக்கைப் பார்த்ததும் தயங்குகிறார்.

இந்தத் தயக்கத்தைத் தீர்க்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. முதல் கேள்வி: அலை நிலைத்துவிட்ட சைன் அலையா, இல்லையா? இரண்டாவது: மூன்று ஃபேஸுக்கும் இடையிலான சமன் எங்கே குலைந்திருக்கிறது? எங்குமே குலையவில்லையா, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குலைந்திருக்கிறதா, அல்லது அமைப்பு முழுக்கப் பரவியிருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் முறை தானாகவே முடிவாகிவிடும். ஏன் அப்படி என்பதை எண்களோடு பார்ப்போம்.

ஒரே லோடு, மூன்று வழி

லைனுக்கும் லைனுக்கும் நடுவே 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டாரில் இணைத்த லோடு (மூன்று பாகங்களும் ஒரு முனையில் ஒரே புள்ளியில் சேர்ந்தது), ஒவ்வொரு ஃபேஸிலும் 8 ஓம் ரெசிஸ்டன்ஸ், 6 ஓம் இண்டக்டிவ் ரியாக்டன்ஸ் (ஏ.சி. கரண்ட்டுக்குச் சுருள் காட்டும் தடை). 400-ஐ √3-ஆல் வகுத்தால் ஃபேஸ் வோல்ட்டேஜ் 231 வோல்ட் (இன்னும் துல்லியமாக 230.9). இது ஆர்.எம்.எஸ். மதிப்பு (அதே அளவு சூட்டைத் தரும் டி.சி.க்கு நிகரானது), அலையின் உச்சம் 327 வோல்ட்.

முதலில் நேரவழியில் போடலாம். 50 ஹெர்ட்ஸில் 6 ஓம் ரியாக்டன்ஸ் என்றால் இண்டக்டன்ஸ் 19.1 மில்லிஹென்றி. ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்ட்டேஜும் இண்டக்டன்ஸில் விழும் வோல்ட்டேஜும் சேர்ந்து சப்ளை வோல்ட்டேஜுக்குச் சமம் என்று வகைக்கெழுச் சமன்பாடு எழுதித் தீர்த்தால், கரண்ட் இரண்டு துண்டாக வருகிறது. ஒன்று, என்றைக்கும் நிலைத்திருக்கும் சைன் அலை. இன்னொன்று, ஸ்விட்ச் போட்ட கணத்தில் பிறந்து தேய்ந்து மறையும் துண்டு. அது தேயும் வேகத்தைச் சொல்லும் நேர மாறிலி, இண்டக்டன்ஸை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் கிடைக்கும்: இங்கே 2.4 மில்லிசெகண்ட். அதைப்போல் ஐந்து மடங்கு நேரம், அதாவது 12 மில்லிசெகண்ட் போனால், அந்தத் துண்டு கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். 50 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றுக்கே 20 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆக, முதல் சுற்று முடிவதற்குள்ளேயே நிலைத்த அலை மட்டும்தான் மிஞ்சுகிறது.

ஃபேசர் முறை நிற்பதே இதன்மேல்தான். தேயும் துண்டை விட்டுவிடலாம் என்றால், மிஞ்சுகிற எல்லாமே ஒரே அதிர்வெண்ணில் ஆடும் சைன் அலைகள். அவற்றுக்குள் வேறுபாடு அளவும் கோணமும் மட்டுமே. இந்த இரண்டையும் ஒரு கலப்பெண்ணில் அடக்கிவிடலாம். சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் இதை 1893-இல் சிகாகோ நகரில் நடந்த சர்வதேச மின்பொறியியல் மாநாட்டில் முன்வைத்தார். வகைக்கெழுச் சமன்பாட்டின் இடத்தில் சாதாரண வகுத்தல் வந்து உட்கார்ந்தது. நம் லோடின் இம்பிடன்ஸ் (ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்தத் தடை) 8 + ஜே6 ஓம் (ஜே என்பது √-1), அதாவது 10 ஓம், 36.87 பாகை. 231-ஐ 10-ஆல் வகுத்தால் 23.1 ஆம்ப்பியர், வோல்ட்டேஜைவிட 36.87 பாகை பின்தங்கி ஓடுகிறது. ஒரு பக்கம் எழுதியதை ஒரே வரியில் முடித்தாயிற்று.

மூன்றாவது வழி இன்னும் சுருக்கம். மூன்று ஃபேஸிலும் ஒரே இம்பிடன்ஸ், மூன்று வோல்ட்டேஜும் சம அளவு, 120 பாகை இடைவெளி. அப்போது மூன்று கரண்ட்டும் கூடினால் பூச்சியம். நியூட்ரல் ஒயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லோடின் ஸ்டார் புள்ளியும் சப்ளையின் ஸ்டார் புள்ளியும் ஒரே பொட்டென்ஷியலில் நிற்கும். எனவே ஒரு ஃபேஸை மட்டும் தனியாகப் பிரித்து, நியூட்ரலோடு சேர்த்து, சாதாரண சிங்கிள் ஃபேஸ் சுற்றாகவே தீர்க்கலாம். மற்ற இரண்டு ஃபேஸின் விடை, இதையே 120 பாகை முன்னும் பின்னும் திருப்பியது. ஒரு ஃபேஸுக்கு 4.27 கிலோவாட் என்றால் மூன்றுக்கும் 12.8 கிலோவாட். ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் சப்ளைக்கும் லோடுக்கும் இடையே போய்வரும் பங்கு) 9.6 கிலோவார், இரண்டும் செங்கோணத்தில் கூடி மொத்தம் 16 கே.வி.ஏ. √3 × 400 × 23.1 என்று சரிபார்த்தாலும் அதே 16 கே.வி.ஏ.தான் வருகிறது.

லோடு டெல்டாவில் (மூன்று பாகங்களும் முக்கோணமாக, லைனுக்கும் லைனுக்கும் நடுவே) இருந்தால்? சமமான டெல்டாவின் இம்பிடன்ஸை 3-ஆல் வகுத்தால் அதற்கு நிகரான ஸ்டார் கிடைத்துவிடும். மேலே சொன்ன அதே 10 ஓம்களை டெல்டாவில் இணைத்தால் லைன் கரண்ட் 69.3 ஆம்ப்பியர், பவர் 48 கே.வி.ஏ.; எல்லாமே ஸ்டாரைப்போல் மூன்று மடங்கு. மோட்டாரை முதலில் ஸ்டாரில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வேலை செய்யும் விதத்துக்கு அடிப்படை இந்த மூன்று மடங்குதான்.

சரி, விடை ஒன்றே என்றால் நீளமான நேரவழி எதற்கு? அது காட்டுகிற ஒரு விஷயத்தை மற்ற இரண்டும் காட்டுவதில்லை. ஒரு ஃபேஸில் ஒவ்வொரு கணமும் ஓடும் பவரை வரைந்து பாருங்கள். 4.27 கிலோவாட் என்பது சராசரி மட்டுமே. உண்மையில் அந்தப் பவர் 9.6 கிலோவாட் வரை ஏறி, பூச்சியத்துக்கும் கீழே இறங்கி, மைனஸ் 1.07 கிலோவாட் வரை போய்த் திரும்புகிறது. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் சில கணங்கள் லோடே சப்ளைக்குப் பவரைத் திருப்பித் தருகிறது. இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு 100 முறை நடக்கிறது. ஆனால் மூன்று ஃபேஸின் பவரையும் ஒரே தாளில் கூட்டி வரைந்தால், அசையாத நேர்கோடு: 12.8 கிலோவாட். மூன்று துடிப்புகளும் ஒன்றையொன்று முழுமையாக அழித்துக்கொள்கின்றன. மும்முனை மோட்டார் அதிராமல் சீராகச் சுழல்வதற்குக் காரணம் இதுதான். ஒருமுறையாவது இதைக் கையால் வரைந்து பார்க்கும்படி படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். 1891-இல் லவுஃபன் ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு உலகம் ஏன் இந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அந்த நேர்கோட்டைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

முதல் ஒப்பீட்டின் தீர்ப்பு, ஆகவே, இது: அலை நிலைத்துவிட்டது, சமன் எங்கும் குலையவில்லை என்றால் ஒரு ஃபேஸ் முறையைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். மூன்று ஃபேஸையும் எழுதுவது இங்கே வெறும் வேலைப்பளு. தப்பு நுழைய மூன்று மடங்கு வாய்ப்பு.

பெர் யூனிட்டா, நேரடி ஓம் ஆம்ப்பியரா?

பெர் யூனிட்டை ஒரு ஃபேஸ் முறைக்குப் போட்டியாகப் பலர் நினைக்கிறார்கள். அது போட்டி இல்லை; மேலே போர்த்திக்கொள்கிற ஒரு அளவுமுறை: ஒவ்வொரு மதிப்பையும் ஒரு அடிப்படை அளவின் பின்னமாக எழுதுவது. சுற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் அது தேவையே இல்லை. ஓமிலும் ஆம்ப்பியரிலும் போட்டுவிட்டுப் போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது.

500 கே.வி.ஏ., 11 கிலோவோல்ட்டிலிருந்து 400 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர், பெயர்ப்பலகையில் 5 சதவீத இம்பிடன்ஸ். 400 வோல்ட் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த இம்பிடன்ஸ் 0.016 ஓம். 11 கிலோவோல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே பொருள் 12.1 ஓம். இரண்டு எண்ணுக்கும் நடுவே 750 மடங்குக்கு மேல் வித்தியாசம். எந்தப் பக்கத்து ஓம் என்பதை ஒவ்வொரு வரியிலும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பெர் யூனிட்டில் இரண்டு பக்கத்திலிருந்தும் அது 0.05 மட்டுமே.

இப்போது 400 வோல்ட் பஸ்பாரில் (லைன்கள் வந்து சேரும் கனத்த உலோகப் பட்டை) மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகிவிட்டால் எவ்வளவு கரண்ட்? முழு லோடு கரண்ட் 722 ஆம்ப்பியர். அதை 0.05-ஆல் வகுத்தால் 14.4 கிலோ ஆம்ப்பியர், மனக்கணக்காகவே. மேலே இருக்கும் 11 கிலோவோல்ட் சப்ளையின் ஃபால்ட் லெவல் (ஷார்ட் போன்ற பழுது வந்தால் அது தரக்கூடிய பவர்) 250 எம்.வி.ஏ. என்று தெரிந்தால், டிரான்ஸ்ஃபார்மரின் 0.5 எம்.வி.ஏ.வை 250-ஆல் வகுத்து 0.002, அதையும் 0.05-ஓடு கூட்டினால் 0.052. கரண்ட் 13.9 கிலோ ஆம்ப்பியர். பக்கம் மாற்றும் வேலை இல்லை, √3 எங்கே வரும் என்ற குழப்பமும் இல்லை. பெர் யூனிட்டில் பவர் என்பது வோல்ட்டேஜ் பெருக்கல் கரண்ட், அவ்வளவே.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், அடிப்படை அளவை மாற்றும் இடத்தில். ஒவ்வொரு கருவியின் சதவீதமும் அதனதன் கே.வி.ஏ.வில் எழுதப்பட்டிருக்கும். இதே 5 சதவீத டிரான்ஸ்ஃபார்மரை 10 எம்.வி.ஏ. அடிப்படைக்கு மாற்றினால் அது 1.0 பெர் யூனிட் ஆகிவிடுகிறது. மாற்றாமல் 0.05 என்றே போட்டுவிட்டால் விடை இருபது மடங்கு தவறிவிடும். கணக்கில் ஒரு குறையும் வெளியே தெரியாது. அப்புறம், டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் வரும் 30 பாகைத் திருப்பத்தைப் பெர் யூனிட் மறைத்துவிடுகிறது. கரண்ட்டின் அளவு மட்டும் வேண்டுமென்றால் அதனால் கேடில்லை. இரண்டு பக்கத்துக் கோணங்களை ஒப்பிடும் வேலை என்றால், உதாரணமாக இரண்டு பக்கத்துக் கரண்ட்டையும் ஒப்பிட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கும் டிஃபரென்ஷியல் ரிலேயில், அந்த 30 பாகையை நாமே திரும்பச் சேர்க்க வேண்டும்.

நியூட்ரல் அறுந்தால்

சமன் குலைந்த கணக்குகளில்தான் தேர்வு உண்மையிலேயே கடினம். அங்கே ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

அதே 400 வோல்ட் சப்ளை. ஏ ஃபேஸில் 10 ஓம், பி ஃபேஸில் 20 ஓம், சி ஃபேஸில் 40 ஓம், எல்லாம் வெறும் ரெசிஸ்டன்ஸ், ஸ்டார் இணைப்பு. நியூட்ரல் ஒயர் நன்றாக இருக்கும்வரை ஒவ்வொரு லோடுக்கும் அதன் 231 வோல்ட் கிடைக்கும். கரண்ட்டுகள் 23.1, 11.5, 5.8 ஆம்ப்பியர். நியூட்ரலில் 15.3 ஆம்ப்பியர் ஓடும். கவனியுங்கள்: இதுவரைக்கும்கூட ஒரு ஃபேஸ் முறை போலவே மூன்று தனித்தனிச் சிங்கிள் ஃபேஸ் கணக்காகப் போட முடிகிறது. இம்பிடன்ஸ் இல்லாத நல்ல நியூட்ரல் ஒன்று இருப்பதால் ஒரு ஃபேஸ் இன்னொன்றைப் பாதிப்பதில்லை.

இப்போது நியூட்ரல் அறுந்துவிட்டது. 15.3 ஆம்ப்பியருக்கு வழியில்லை. மூன்று கரண்ட்டும் தங்களுக்குள்ளேயே கூடிப் பூச்சியமாக வேண்டும். அதற்காக லோடின் ஸ்டார் புள்ளி இடம்பெயர்கிறது. எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஃபேஸ் வோல்ட்டேஜையும் அதன் அட்மிட்டன்ஸால் (1-ஐ இம்பிடன்ஸால் வகுத்தது) பெருக்கி, கோணத்தோடு கூட்டி, மொத்த அட்மிட்டன்ஸால் வகுத்தால் போதும். அட்மிட்டன்ஸ்கள் 0.1, 0.05, 0.025, மொத்தம் 0.175. விடை: ஸ்டார் புள்ளி 87 வோல்ட் நகர்ந்துவிட்டது. அதன் பலன், ஏ ஃபேஸ் லோடுக்கு 151 வோல்ட், பி ஃபேஸுக்கு 262 வோல்ட், சி ஃபேஸுக்கு 302 வோல்ட்.

அதிகச் சுமை இழுக்கும் ஃபேஸ் வாடுகிறது. மிகக் குறைவாக இழுத்துக்கொண்டிருந்த சி ஃபேஸ்தான் 302 வோல்ட்டில் பொசுங்கப் போகிறது. நியூட்ரல் போனால் விளக்குகள் சில மங்குவதும் சில கூசும்படி எரிந்து போவதும் இதனால்தான். இந்தக் கணக்கை ஒரு ஃபேஸ் முறையில் போட்டால் மூன்று இடத்திலும் 231 என்று விடை வரும். ஒரு எழுத்துகூட உண்மையில்லாத விடை அது.

இன்னொரு விஷயம். இந்த நிலையில் லைன்களுக்கு இடையே மீட்டர் வைத்தால் மூன்று ஜோடியிலும் 400 வோல்ட்டே காட்டும். சப்ளையில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு லைனுக்கும் லோடின் ஸ்டார் புள்ளிக்கும் இடையே வைத்தால் மட்டுமே குலைவு தெரியும். எதை அளக்கிறோம் என்பதும் ஒரு தேர்வுதான்.

அளப்பது என்றதும் வாட்மீட்டர் ஞாபகம் வருகிறது. மூன்று ஒயர் மட்டும் உள்ள அமைப்பில், லோடு சமமோ இல்லையோ, இரண்டு வாட்மீட்டர் போதும். நியூட்ரலும் சேர்ந்தால் மூன்று வேண்டும். ஆண்ட்ரே ப்ளான்டெல் 1893-இல் தந்த தேற்றம் இது. நம் முதல் சமமான லோடில் இரண்டு வாட்மீட்டரும் 9.17, 3.63 கிலோவாட் என்று காட்டும், கூட்டினால் 12.8. லோடு சமமாக இருந்தும் இரண்டு அளவும் சமமாக இல்லையே என்று மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பவர் ஃபேக்டர் (கிலோவாட்டைக் கே.வி.ஏ.வால் வகுத்தது) 0.8 ஆக இருப்பதன் அடையாளம் அது.

சமச்சீர் கூறுகள்: எங்கே மின்னும், எங்கே சறுக்கும்

சமன் குலைந்தால் சமச்சீர் கூறுகள் என்று மனப்பாடமாகச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அது பாதி உண்மைதான்.

சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ 1918-இல் வெளியிட்ட முறை இது. எந்த மூன்று ஃபேசரையும், சீக்வன்ஸ் எனப்படும் சமனான மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம் என்றார்: வழக்கமான வரிசையில் சுழலும் பாசிட்டிவ், எதிர் வரிசையில் சுழலும் நெகட்டிவ், மூன்றும் ஒரே திசையில் நிற்கும் சீரோ. இதன் உண்மையான பலம் பிரிப்பதில் இல்லை. அமைப்பு சமமாக இருந்தால் இந்த மூன்று தொகுதிகளும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை, அங்கேதான் பலம். பாசிட்டிவ் வோல்ட்டேஜ் பாசிட்டிவ் கரண்ட்டை மட்டும் ஓட்டும், மற்றவையும் அப்படியே. மூன்று ஃபேஸ் பின்னிக்கிடந்த ஒரு கணக்கு, மூன்று தனித்தனிச் சிங்கிள் ஃபேஸ் கணக்காகிவிடுகிறது.

ஒரு லைனில் தன் இம்பிடன்ஸ் 0.6, பக்கத்து ஃபேஸோடு உள்ள பரஸ்பர இம்பிடன்ஸ் 0.2 பெர் யூனிட் என்று வையுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 0.4. சீரோவுக்கு மூன்று கரண்ட்டும் ஒரே திசையில் ஓடுவதால் பரஸ்பரம் இரண்டு முறை கூடுகிறது: 0.6 + 0.4 = 1.0. ஓவர்ஹெட் லைனின் சீரோ சீக்வன்ஸ் இம்பிடன்ஸ் மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இந்த ஒரு கூட்டலிலிருந்துதான்.

இப்போது ஃபால்ட். சப்ளை 0.05, அதன்பின் ஸ்டார் புள்ளியை நேரடியாக எர்த் செய்த டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மர் 0.05. டிரான்ஸ்ஃபார்மரின் வாசலில் பாசிட்டிவும் நெகட்டிவும் 0.10. ஆனால் சீரோ 0.05 மட்டும், டெல்டா சுருள் சீரோ கரண்ட்டைத் தனக்குள்ளேயே சுற்றவிட்டு, அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்துவிடுகிறது. மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனால் கரண்ட் 1-ஐ 0.10-ஆல் வகுத்தது, 10 பெர் யூனிட். ஒரு ஃபேஸ் மட்டும் எர்த் ஆனால் 3-ஐ 0.25-ஆல் வகுத்தது, 12 பெர் யூனிட். ஒற்றை ஃபேஸ் ஃபால்ட், மூன்று ஃபேஸ் ஃபால்ட்டைவிடப் பெரியது!

மேலே சொன்ன லைனைச் சேர்த்து அதன் கடைசி முனைக்குப் போங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் 0.50, சீரோ 1.05. மூன்று ஃபேஸ் ஃபால்ட் 2.0; எர்த் ஃபால்ட் 1.46. வரிசை தலைகீழாகிவிட்டது. பழுது வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் தாங்க வேண்டிய உச்சத்தை ஒரு இடத்தில் எர்த் ஃபால்ட் தீர்மானிக்கிறது, இன்னொரு இடத்தில் மூன்று ஃபேஸ் ஃபால்ட் தீர்மானிக்கிறது. இந்த உள்விவரம் மூன்று ஃபேஸ் சமன்பாட்டை நேராக எழுதித் தீர்த்தால் எண்ணாக வரும். ஆனால் காரணம் தெரியாது. சமச்சீர் கூறுகளில் காரணம் கண்ணெதிரே நிற்கிறது. ரிலே அமைப்பவர்கள் இந்த மொழியிலேயே யோசிப்பதற்கு அதுதான் காரணம். மூன்று லைன் கரண்ட்டையும் கூட்டினால் சீரோ சீக்வன்ஸின் மூன்று மடங்கு. அது பூச்சியமாக இல்லையென்றால் எங்கோ எர்த் வழியாகவோ நியூட்ரல் வழியாகவோ கரண்ட் போகிறது. மோட்டாருக்கும் அப்படித்தான். நெகட்டிவ் சீக்வன்ஸ் எதிர்த் திசையில் சுழலும் புலத்தை உண்டாக்கி, 50 ஹெர்ட்ஸ் மோட்டாரின் ரோட்டரில் கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸ் கரண்ட்டைத் தூண்டிச் சூடாக்குகிறது. சிறிய நெகட்டிவ் வோல்ட்டேஜ்கூட ஒப்பளவில் பெரிய நெகட்டிவ் கரண்ட்டை இழுத்துவிடும்.

சறுக்கும் இடம் எது? மறுபடி 10, 20, 40 ஓம் லோடுக்கு வாருங்கள். அங்கே லோடு வோல்ட்டேஜுகளைக் கூறுகளாகப் பிரித்தால் அழகான விடை கிடைக்கும்: பாசிட்டிவ் 231, நெகட்டிவ் பூச்சியம், சீரோ 87. நகர்ந்த ஸ்டார் புள்ளியே சீரோ சீக்வன்ஸாகத் தெரிகிறது. விடையைப் புரிந்துகொள்ள இது நல்ல கண்ணாடி. ஆனால் அந்த விடைக்குப் போய்ச் சேர இந்த முறையை வழியாக எடுத்திருந்தால் சிக்கிக்கொண்டிருப்போம். இம்பிடன்ஸ்களே சமமாக இல்லாதபோது பாசிட்டிவ் வோல்ட்டேஜ் நெகட்டிவ் கரண்ட்டையும் ஓட்டும். மூன்று சுற்றும் ஒன்றோடொன்று மறுபடி பின்னிக்கொள்ளும். பிரித்த பலன் போய்விட்டது. கலப்பெண் வேலை மட்டும் மிச்சம்.

அதனால் என் கோடு இங்கே விழுகிறது. அமைப்பு சமம், குலைவு ஒரே இடத்தில் (ஒரு ஃபால்ட், ஒரு அறுந்த லைன்) என்றால் சமச்சீர் கூறுகள். குலைவு அமைப்பு முழுக்கப் பரவியிருந்தால், ஒவ்வொரு கம்பத்திலும் வேறு வேறு சிங்கிள் ஃபேஸ் லோடு தொங்கும் விநியோக லைன் போல, மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் அப்படியே எழுதி, கம்ப்யூட்டரில் தீர்ப்பதே நேர்மையான வழி. பெரிய டிரான்ஸ்மிஷன் லைன்களில் கம்பிகளைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கட்டுவார்கள். பரஸ்பர இம்பிடன்ஸ் சராசரியாகச் சமமாகிவிடும். லோடும் கூட்டுச்சேர்ந்து பெரும்பாலும் சமமாகவே வரும். அங்கே, எந்த லைனில் எவ்வளவு பவர் ஓடும் என்று பார்க்கும் லோடு ஃப்ளோ கணக்கைப் பாசிட்டிவ் சீக்வன்ஸ் மட்டும் வைத்துப் போடுவது நியாயம். 1967-இல் டின்னியும் ஹார்ட்டும் நியூட்டன் முறையை அதற்கு நடைமுறைப்படுத்திக் காட்டிய பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அதே கம்ப்யூட்டர் நிரலை ஊருக்குள் ஓடும் விநியோக லைனுக்கும் பயன்படுத்தினால், நாம் மேலே பார்த்த 302 வோல்ட் போன்றவை ஒருபோதும் திரையில் வராது.

அலை சைன் அலையாக இல்லாதபோது

முதல் கேள்விக்கே இல்லை என்று பதில் வந்தால், ஃபேசரும் அதன்மேல் கட்டிய எல்லாமும் ஒதுங்க வேண்டியதுதான். ஆனால் எந்த விதமான இல்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

அலை கெட்டிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி கெட்டிருக்கிறது என்றால், ஹார்மோனிக்காகப் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் ஆடும் சைன் அலைகளாக) பிரித்து ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனி ஃபேசர் போடலாம். இங்கேயும் சமச்சீர் கூறுகள் கைகொடுக்கும். சமமான அமைப்பில் மூன்றாவது ஹார்மோனிக் மூன்று ஃபேஸிலும் ஒரே கோணத்தில் நிற்கும், அதாவது சீரோ சீக்வன்ஸ். ஐந்தாவது நெகட்டிவ், ஏழாவது பாசிட்டிவ். மூன்றாவது ஹார்மோனிக் நியூட்ரலில் அழியாமல் கூடுகிறது. கம்ப்யூட்டர், எல்.இ.டி. போன்ற, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபயர் லோடுகள் நிறைந்த கட்டடத்தில், மூன்று ஃபேஸும் கச்சிதமாகச் சமமாக இருந்தும் நியூட்ரல் சூடாவதற்குக் காரணம் இதுதான். 50 ஹெர்ட்ஸ் ஃபேசர் கணக்கு அந்த நியூட்ரலில் பூச்சியம் என்றுதான் சொல்லும். அதை நம்பி நியூட்ரல் ஒயரை மெல்லியதாகப் போட்டுவிடக் கூடாது.

அலை நிலைக்கவே இல்லை என்றால் நேரவழிதான். முதலில் பார்த்த லோடில் தேயும் துண்டு 12 மில்லிசெகண்ட்டில் காணாமல் போனது. இண்டக்டன்ஸ் ஓங்கியிருக்கும் உயர் அழுத்த அமைப்பில் நேர மாறிலியே 45 மில்லிசெகண்ட் அளவில் இருக்கும். அங்கே ஃபால்ட் வந்து அரைச் சுற்று, 10 மில்லிசெகண்ட், கழிந்த பிறகும் அந்தத் துண்டில் 80 சதவீதம் அப்படியே இருக்கிறது. அது சைன் அலையின் உச்சத்தோடு சேரும்போது முதல் உச்சம், ஆர்.எம்.எஸ். ஃபால்ட் கரண்ட்டைப்போல் சுமார் 2.5 மடங்கு. உயர் அழுத்த பிரேக்கருக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரம் 50 ஹெர்ட்ஸில் இந்த 2.5-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. ஃபேசர் கணக்கு தரும் கிலோ ஆம்ப்பியரை மட்டும் பார்த்து பஸ்பார் தாங்கிகளைத் தேர்ந்தெடுத்தால், அவை தாங்க வேண்டிய முதல் உதையை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று ஆகும்.

இடி, ஸ்விட்சிங், இன்வெர்ட்டர் கட்டுப்பாடு போன்றவற்றுக்கும் இதே வழிதான். ஹெர்மன் டோமல் 1969-இல் வெளியிட்ட முறை ஒவ்வொரு இண்டக்டரையும் கெப்பாசிட்டரையும் சிறு நேர அடிகளில் ரெசிஸ்டன்ஸாகவும் கரண்ட் மூலமாகவும் மாற்றிவிடுகிறது. கணநேர மாற்றங்களைக் கணக்கிடும் இன்றைய டிரான்சியன்ட் நிரல்களின் அடித்தளம் அது. அடி 50 மைக்ரோசெகண்ட் என்றால் ஒரு நொடிக்கு 20,000 முறை முழுச் சுற்றையும் தீர்க்க வேண்டும். பெரிய அமைப்பு முழுவதற்கும் இதைச் செய்வது கனமான வேலை. அதனால் நம்மைப் பாதிக்கும் பகுதியை மட்டும் நேரவழியில் வைத்து, மற்றதை அதற்கு நிகரான ஒரு சப்ளையாகச் சுருக்கிவிடுவது வழக்கம். அந்தச் சுருக்கம் எந்த அதிர்வெண் வரை சரியாக இருக்கும் என்பதைத்தான் அங்கே முதலில் விசாரிக்க வேண்டும். மெஷின், இன்வெர்ட்டர் கட்டுப்பாட்டுக்கு ராபர்ட் பார்க் 1929-இல் தந்த, சேர்ந்தே சுழலும் டி-க்யூ அச்சுகள் உதவும். அதில் சமமான மும்முனை அலை அசையாத இரண்டு எண்களாகிவிடும். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

நிரலை நம்புவதற்கு முன்

இப்போது எல்லோர் கையிலும் நிரல் இருக்கிறது. எல்லாவற்றையும் முழு மூன்று ஃபேஸில் போட்டுவிட்டால் தேர்வே வேண்டாமே என்று கேட்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. முழு மாதிரிக்கு முழுத் தகவல் வேண்டும்: ஒவ்வொரு லைனின் பரஸ்பர இம்பிடன்ஸ், ஒவ்வொரு எர்த்தின் ரெசிஸ்டன்ஸ், ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் இணைப்பு. அவை தெரியாதபோது நிரலின் ஆரம்ப மதிப்புகளை அப்படியே விட்டுவிட்டு எடுத்த விடையைவிட, நிபந்தனைகள் தெரிந்து போட்ட ஒரு ஃபேஸ் கணக்கை நான் அதிகம் நம்புவேன்.

முழு மாதிரியைக் கட்டாயம் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் விடை தெரிந்த ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 400 வோல்ட், ஸ்டார், 8 + ஜே6 ஓம்: மூன்று லைனிலும் 23.1 ஆம்ப்பியர், நியூட்ரலில் பூச்சியம், மொத்தம் 12.8 கிலோவாட் வர வேண்டும். டெல்டாவுக்கு மாற்றினால் 69.3 ஆம்ப்பியர். அடுத்து 10, 20, 40 ஓம் கொடுத்து நியூட்ரலைத் திறந்துவிடுங்கள். 151, 262, 302 வோல்ட் வர வேண்டும். முதல் சோதனை சரியாக வந்து இரண்டாவது 231, 231, 231 என்று காட்டினால், அந்த நிரல் எங்கோ நியூட்ரலைத் தானாகவே எர்த்தோடு இணைத்துவைத்திருக்கிறது. அந்த இணைப்பைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகு உண்மையான லைனின் தகவலை உள்ளே கொடுக்கலாம்.